மீதி இருபத்திநாலு

அவன் கத்தவில்லை. அதனால்தான் அவர்கள் எண்ண ஆரம்பித்தார்கள்.

பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருக்கிற மைதானம். சாயங்காலம் ஆறு மணி, வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. ஆயிரம் பேருக்குக் குறையாத கூட்டம். முக்கால்வாசிப் பேர் சாம்பல் நிறச் சட்டை, முதுகில் மஞ்சளாக ஒரு மின்னல் கோடு. இடியின் ஆட்கள் என்றால் அதுதான் யூனிபாரம்.

பாடகனுக்கு 'இடி' என்று பேர் வைத்ததே அவர்கள்தான். கடைசிப் பாட்டின் கடைசி வரியில் அவன் குரலை உச்சிக்குத் தூக்கி, மூச்சு விடாமல் அங்கேயே நிறுத்தி வைப்பான். கூட்டம் கையைத் தூக்கி எண்ணும். ஒண்ணு, ரெண்டு, மூணு. ஏழு வருஷத்துக்கு முன்னால், கொட்டுகிற மழையில், அது முப்பத்தொன்று வரைக்கும் போனது. அன்றிலிருந்து முப்பத்தொன்று வெறும் எண் இல்லை. லாரி முதுகில் எழுதியிருந்தது. ஹெல்மெட்டில் ஒட்டியிருந்தது. டிப்போ கக்கூஸ் கதவில்கூட யாரோ ஒரு புண்ணியவான் ஆணியால் கீறி வைத்திருந்தான்.

அன்றைக்கு இடி ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பாடினான். அடுத்த வீட்டுக்குக் கேட்காமல் பேசுகிற மாதிரி ஒரு குரல். எட்டு மாசமாகவே புதுப் பாட்டெல்லாம் இப்படித்தான். கூட்டம் பொறுத்துக்கொண்டது. கடைசிப் பாட்டு என்று ஒன்று இருக்கிறதே, அதில் வந்துதானே ஆகவேண்டும்? கடைசிப் பாட்டும் வந்தது, கடைசி வரியும் வந்தது. ஆயிரம் கை மேலே போனது. இடி அந்த வரியை, தூங்குகிற பிள்ளை மேல் போர்வையை இழுத்து விடுகிற மாதிரி மெதுவாக முடித்துவிட்டு, "நன்றி" என்றான்.

ஒரு கையும் இறங்கவில்லை.

முன்வரிசையிலிருந்து ஒரு குரல், ரொம்பச் சாதாரணமாக, "ஒண்ணு" என்றது.

"ரெண்டு" என்றது மொத்தக் கூட்டமும்.

கத்தல் இல்லை. எண்ணிக்கை மட்டும் போனது. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி, கோபமில்லாமல், அவசரமில்லாமல். எழுந்து போக இடிக்குக் கால் வரவில்லை. மேடை ஓரத்தில் வெந்நீர் பிளாஸ்க்கோடு நின்ற அவன் மனைவி பதினெட்டு வரைக்கும் கூட்டத்தைப் பார்த்தாள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டாள். முப்பத்தொன்று முடிந்ததும் கைகள் இறங்கின. தள்ளுமுள்ளு இல்லாமல், வந்த வழியே வரிசையாகக் கலைந்து போனார்கள்.

"ஒரு செருப்பாவது பறந்திருந்தா மனசு ஆறியிருக்கும்" என்றான் அவளுடைய தம்பி, மைக் ஒயரைச் சுருட்டிக்கொண்டே.

*

அவளுடையது லாண்டரி. கீழே கடை, மேலே வீடு. கடைக்குள் இரண்டு பெரிய வாஷிங் மெஷின், பின்சுவரை ஒட்டி பாய்லர், நட்டநடுவில் ரோலர். ஆள் நீளத்தைவிடப் பெரிய கொதிக்கிற இரும்பு உருளை, அதன் மேல் கித்தான் சுற்றிய இன்னொரு உருளை. ஈர விரிப்பை இந்தப் பக்கம் கொடுத்தால் இரண்டுக்கும் நடுவில் நசுங்கி, காய்ந்து, அட்டை மாதிரி அந்தப் பக்கம் வந்து விழும். ஓட்டலிலிருந்து தினம் இருநூறு படுக்கை விரிப்பு. அவள் கொடுப்பாள், இடி அந்தப் பக்கம் நின்று வாங்கி மடிப்பான். ஊருக்குத்தான் அவன் இடி. ரோலருக்குப் பின்னால் மடிக்கிற ஆள்.

ரோலரின் வாயில் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. தெரியாத்தனமாகக் கை உள்ளே போனால் கம்பியில் இடிக்கும், மெஷின் தானாக நின்றுவிடும். அதன் ஸ்பிரிங் தளர்ந்துபோய், பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் காரணமே இல்லாமல் நிறுத்த ஆரம்பித்தது. தம்பிக்காரன் அதைத் தூக்கிக் கட்டுக்கம்பியால் கட்டிவிட்டான். கட்டி நாலு மாசம். இப்போது ரோலரை நிறுத்த வேண்டுமென்றால் பாய்லர் பக்கத்துச் சுவரில் இருக்கிற சிவப்பு சுவிட்ச் ஒன்றுதான் வழி.

பாய்லரைப் பார்த்துக்கொள்வது தம்பி. இடியின் கச்சேரி ஏற்பாடுகளும் அவன்தான். தெரு அவனுக்கு வைத்த பேர் ரேடியோ. பேட்டரி இல்லாமலே ஓடும் என்பார்கள்.

துணி மாறிப்போகாமலிருக்க, காலரின் உள்பக்கம் சிவப்பு நூலில் ஓர் எண் தைத்து விடுவாள். வீட்டுக்கு ஓர் எண். வருஷக்கணக்காகத் தைத்துத் தைத்து, அவளுக்கு முகத்தைவிட எண்தான் நன்றாக ஞாபகம் இருக்கும்.

கச்சேரி முடிந்த திங்கட்கிழமை காலையில் முதல் சாம்பல் சட்டை துவைக்க வந்தது. மத்தியானத்துக்குள் ஐந்து. செவ்வாயன்று பதினொன்று. எல்லாமே மின்னல் கோடு போட்டது. வந்தவர்கள் டோக்கனை வாங்கி, பத்திரமாகச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்கள். எப்போது வேண்டும் என்று கேட்டால் "அவசரமில்ல அண்ணி" என்றார்கள். சனிக்கிழமைக்குள் ஐம்பத்தெட்டு சட்டை துவைத்து, தேய்த்து, கம்பியில் தொங்கியது. எடுத்துப்போக ஒருத்தரும் வரவில்லை. மழை வருகிற மாதிரி மூட்டம் போட்டு, வராமல் புழுங்கிக்கொண்டிருந்த வாரம் அது. எப்போதாவது கதவு வழியாகக் காற்று வீசினால் ஐம்பத்தெட்டு முதுகும் ஒரே பக்கம் திரும்பின.

ஐம்பத்தொன்பதாவது சட்டையை டிப்போ மெக்கானிக் கொண்டுவந்தார். எண் நாற்பத்தாறு. அன்றைக்கு "ஒண்ணு" என்று ஆரம்பித்து வைத்தவர் அவர்தான். ஐம்பது வயதிருக்கும். காதோரம் நரை, நகக்கண்ணில் என்றைக்கும் போகாத கிரீஸ். வாசலில் காலைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். வயதில் சின்னவனான இடியை அண்ணன் என்றும் அவளை அண்ணி என்றும் கூப்பிடுவார்.

"எப்ப வேணும்?" என்றாள்.

"அண்ணன் பழையபடி பாடற அன்னைக்கு வந்து எடுத்துக்கறேன் அண்ணி. எல்லாருமே அப்படித்தான்."

"பாடலேன்னா?"

"பாடுவாரு."

"மூணு மாசத்துக்கு மேல இங்க துணி வெச்சுக்க மாட்டோம். கிழிச்சு, தொடைக்கிற துணியா வித்துடுவோம். போர்டுல எழுதியிருக்கு."

"தெரியும். அந்தத் துணியை வாங்கறதே எங்க டிப்போதான். எங்க சட்டையிலயே நாங்க கிரீஸ் தொடைச்சுக்கறோம். அதுவும் நியாயம்தான்."

அவர் குரல் உயரவே இல்லை. டோக்கனை வாங்கிக்கொண்டும் போகவில்லை.

"நான் பள்ளத்துக்குள்ள நின்னு வேலை பாக்கறவன் அண்ணி. தலைக்கு மேல பஸ்ஸு. காலையிலேர்ந்து ஃபோர்மேன் மேல நின்னு கத்துவான், எண்ணெய் மூஞ்சியில சொட்டும். வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்ல முடியாது. மாசத்துக்கு ஒருக்கா மைதானத்துக்கு வருவேன். அண்ணன் கத்துவாரு. அது அவரு கத்தல் இல்ல. என்னுது. எங்க எல்லாரோட வாயையும் வாங்கி அவரு தொண்டையில வெச்சிருந்தாரு. இப்ப அவருபாட்டுக்கு மூடிக்கிட்டா, எங்க வாயை நாங்க எங்க போய்த் தேடறது? நீங்களே சொல்லுங்க."

அவர் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் அவளை அதிகமாகப் பயமுறுத்தியது.

*

மத்தியானச் சாப்பாட்டில் ரேடியோ ரொட்டியைப் பிய்த்து வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தான். அடிக்க வந்தால் ஓடலாம், துவைக்கப் போட்டால் எங்கே ஓடுவது என்பது அவன் கேள்வி. மாமா ஒரே ஒரு தடவை கத்திவிட்டால் போதும், முப்பத்தொன்றெல்லாம் வேண்டாம், பத்து போதும், சட்டையெல்லாம் வீட்டுக்குப் போய்விடும் என்று கெஞ்சினான்.

"பத்துன்னு ஆரம்பிச்சா மறுபடி முப்பத்தொண்ணுலதான் போய் நிக்கும்" என்றான் இடி. "நான் பாடறேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன் மாப்ள. ஒருத்தனும் பாட்டைக் கேக்கல. விரலைத் தூக்கிக்கிட்டு நின்னான். அந்த வரியில என்ன வார்த்தை இருக்குன்னு ஒருத்தனைச் சொல்லச் சொல்லு பாப்போம். நான் பாடகன் இல்லடா. கடிகாரம்."

"அப்படி ஒரேயடியா..."

"உங்க அக்காவைக் கேளு. மழையில நின்னு அவளும்தான் எண்ணினா."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எண்ணினாள்தான். முப்பத்தொன்று வந்தபோது அவளும் குதித்தாள்.

ஆனால் புதுக் குரல் பிறந்ததைப் பார்த்தவளும் அவள்தான். எட்டு மாசத்துக்கு முன்னால் ஒரு காலை. ரோலர் சுற்றுகிற சத்தத்துக்கு ஒரு தாளம் உண்டு. கித்தானில் தையல் வரும் இடத்தில் 'தொப்' என்று ஒரு அடி, அப்புறம் நீண்ட இரைச்சல், மறுபடி 'தொப்'. அந்தப் பக்கம் மடித்துக்கொண்டிருந்தவன் தன்னை அறியாமல் அதோடு சேர்ந்து முனக ஆரம்பித்தான். ஈரம், சூடு, இரண்டு பேர் ஒரு துணியின் இரண்டு நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்பது. அதுதான் பாட்டு. அவள் விரிப்பைக் கொடுப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். கல்யாணமான பன்னிரண்டு வருஷத்தில் அவன் குரல் முதல் தடவையாக வீட்டுக்குள் இருந்தது. அதற்கு முன்னால் அது மைதானத்திலேயே தங்கிவிடும். வீட்டுக்கு வருவது புண்ணான தொண்டை மட்டும்தான்.

அந்தக் குரல் வீட்டில் இருந்தால் போதும். அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

*

பொய்யைச் சொன்னது ரேடியோ.

டீக்கடையில் நாலு பேர் சூழ்ந்துகொண்டு, உங்க மாமாவுக்குத் தலைக்கனமா என்று கேட்டிருக்கிறார்கள். இவனுக்கு வாய் நிற்குமா? தொண்டையில் கட்டி, கத்தவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், மாமா யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார் என்று அவிழ்த்துவிட்டான். டீக்கடையில் ஒரு நிமிஷம் கரண்டிச் சத்தம்கூட நின்றுபோனதாம். சொல்லும்போது அவனுக்கே கண் கலங்கிவிட்டதாம்.

அரைமணி நேரத்தில் மெக்கானிக் வந்தார். அவள் தொட்டியில் பிளீச்சிங் ஊற்றிக்கொண்டிருந்தாள். நெடி ஏறிக் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. பின்னால் ரேடியோ, சொல்லிவிடாதே என்று கும்பிட்டுக்கொண்டே நின்றான்.

"தொண்டையில கட்டியாமே, நெசமா அண்ணி?"

அதுவரைக்கும் அவள் யாரையும் ஏமாற்றியதில்லை. ஒரு பொத்தான் உதிர்ந்தால்கூட டோக்கனோடு சேர்த்து மடித்துக் கொடுக்கிறவள். ஆனால் அவள் கண் கம்பியில் தொங்கிய ஐம்பத்தொன்பது முதுகுகள் மேல் போனது. ஒரே ஒரு தலையாட்டல், வீட்டுக்குள் பாட்டு இருக்கும்.

தலையாட்டினாள்.

மெக்கானிக் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "நாங்க எண்ணினோமே அண்ணி" என்றார். "வலியோட உக்காந்திருந்த மனுசன் முன்னாடி முப்பத்தொண்ணு வரைக்கும் எண்ணினோமே."

விஷயம் தெரிந்தபோது இடி மச்சானை அடிக்கவில்லை. மனைவியைத்தான் பார்த்தான். "எனக்குப் புடிச்சு மாத்திக்கிட்டேன்னு சொல்ல வாய் வரல இல்ல? நோய்னாத்தான் மதிப்பாங்க இல்ல?" என்றான். அன்று முழுக்க அவளோடு பேசவில்லை.

மறுநாளிலிருந்து தெருவில் அவன் பேச முடியாமலே போனது.

கோபத்தைத் தாங்கலாம், அந்தக் கருணையைத் தாங்க முடியவில்லை. முதலில் பிளாஸ்க்குகள் வந்தன. ஒரே நாளில் பதிமூன்று பிளாஸ்க் வெந்நீர். அப்புறம் ஆவி பிடிக்கிற குவளை, கழுத்துக்குக் கம்பளித் துணி. தெருவுக்குள் நுழைகிற பஸ் எதுவும் ஹாரன் அடிப்பதில்லை. ஒலிபெருக்கி கட்டி வந்த ஒரு வியாபாரி முனையிலேயே நிறுத்தப்பட்டான். எதிர்ப்புற நடைபாதையில் பெஞ்சு போட்டு, ஷிப்ட் முடிந்தவர்கள் பத்துப் பதினைந்து பேராக உட்கார ஆரம்பித்தார்கள். காவலாம். அவர்களும் கிசுகிசுத்தார்கள். மாடி ஜன்னலில் இடி தலை தெரிந்தால் மொத்தப் பேரும் எழுந்து, விரலை உதட்டில் வைத்து, பேசாதீங்க என்று சைகை காட்டினார்கள்.

வீட்டுக்குள்ளும் அவன் முனகவில்லை. ஜன்னல் வழியாகக் கேட்டுவிடுமே. ரோலர் 'தொப்' என்று அடிக்கும், அவன் வாயை மூடிக்கொண்டு மடிப்பான். எந்தக் குரலுக்காகப் பொய் சொன்னாளோ அந்தக் குரல்தான் முதலில் போனது. அவளுக்கு அது மூன்றாம் நாளே புரிந்துவிட்டது. ஆனால் தலையாட்டலை எப்படித் திரும்ப வாங்குவது?

"கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதும்பாங்க" என்றான் ரேடியோ, ஜன்னலைப் பார்த்தபடி. அதற்குமேல் பேசவில்லை. ரேடியோவே வாயை மூடிவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

*

பொய் சொல்லிப் பதினைந்தாம் நாள் காலை பத்து மணி.

மூட்டம் அப்படியே இருந்தது. பாய்லர் முழு வேகத்தில். ரேடியோ முதுகைக் காட்டி நின்று, ஆவி வால்வைத் திறந்துவிட்டிருந்தான். உஸ்ஸென்ற இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசினாலும் கேட்காது. இடி அந்தப் பக்கம் மடித்துக்கொண்டிருந்தான். இவள் இந்தப் பக்கம்.

நூற்றுச் சொச்சமாவது விரிப்பில் ஒரு கிழிசல் இருந்தது. உதறி நுனியை ரோலரில் கொடுத்தாள். கிழிசல் வழியாக மணிக்கட்டு உள்ளே போய் மாட்டிக்கொண்டது. இழுத்தாள், வரவில்லை. ஈரத்துணி முறுக்கிக்கொண்டால் கயிறுதான். ரோலர் வேகமாகச் சுற்றுகிற சாமான் இல்லை. மெதுவாக, அலட்டிக்கொள்ளாமல் இழுத்தது. தடுப்புக் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் கட்டுக்கம்பி முடிச்சு ஒன்று தெரிந்தது. விரல்நுனியில் சூடு பட்டது.

அவளுக்குச் சத்தம் வரவில்லை. மூச்சுதான் வந்தது.

இடி பார்த்துவிட்டான். நடுவில் ஆள் நீள மெஷின். சுற்றிவர மேஜை, கூடை, விரிப்பு மூட்டை. சுவிட்ச் மூன்று ஆள் தூரத்தில். மாப்ள என்று கூப்பிட்டான், வால்வு இரைச்சல் அதைத் தின்றுவிட்டது.

அப்போது அவன் கத்தினான்.

எட்டு மாசமாக மூடிவைத்திருந்தது மொத்தமும் வந்தது. பாய்லரைத் தாண்டி, வால்வைத் தாண்டி, தகரக் கூரை அதிர்ந்தது. ரேடியோவுக்குக் கேட்டது. ஆனால் அவன் திரும்பிப் பார்த்தது தெருவை. எவனோ பழைய பாட்டைப் போடுகிறான் என்று நினைத்துக்கொண்டான். இடி நிறுத்தவில்லை. மேஜையைத் தள்ளி, கூடையில் தடுக்கி, கத்தலை விடாமலே ஓடினான். ரேடியோ கடைசியில் திரும்பினான், பார்த்தான், சிவப்பு சுவிட்ச் மேல் விழுந்தான்.

ரோலர் நின்றது. கத்தல் நின்றது. வால்வும் தணிந்தது.

அந்த அமைதியில், எதிர்ப்பக்க நடைபாதையிலிருந்து பதினைந்து குரல் சேர்ந்து சொல்வது தெளிவாகக் கேட்டது.

"ஏழு."

*

முதலில் உள்ளே வந்தவர் மெக்கானிக். காலைத் துடைக்கவில்லை. அவள் கையை விடுவித்து, குழாயடியில் பிடித்து, கால் மணி நேரம் தண்ணீரை ஓடவிட்டார். தீக்காயத்துக்கு என்ன செய்வது என்று டிப்போக்காரருக்குத் தெரியும். இரண்டு விரல் நுனி வெந்திருந்தது. அவர் பிடி தாயின் பிடி மாதிரி பதமாக இருந்தது. முகத்தில் கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது.

"வந்துருச்சு அண்ணி" என்றார். "குரல் வந்துருச்சு."

அவளுக்கு வலியைவிட அந்த முகம்தான் பயமாக இருந்தது. இனி ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது என்று தோன்றியது.

"போகவே இல்லண்ணே. அவருக்குத் தொண்டையில ஒண்ணும் இல்ல. எப்பவும் இருந்ததில்ல. புடிச்சு மாத்திக்கிட்டாரு, அவ்வளவுதான். நான் பொய்க்குத் தலையாட்டினேன்."

மெக்கானிக் தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அன்னைக்கு உங்க கண்ணுல தண்ணி வந்துச்சே. நான் பாத்தேனே. அது பொய்யா?"

"பிளீச்சிங் நெடி."

அவர் சிரித்தார். பயந்த குழந்தையைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. "அண்ணனைக் காப்பாத்தறதா நெனச்சுச் சொல்றீங்க. வேணாம் அண்ணி. எங்களுக்குக் கோவமே இல்ல. டாக்டரால முடியாதத உங்க கை செஞ்சிருக்கு."

இடி நடுவில் வந்து நின்றான். தொண்டை கம்மியிருந்தது. "யோவ், அவ சொல்றது நெசம். எனக்கு ஒண்ணும் இல்ல. கத்தப் புடிக்கல எனக்கு, புரியுதா? புடிக்..."

மெக்கானிக் ஈரமான விரலைத் தன் உதட்டில் வைத்தார்.

"பேசாதீங்கண்ணே. சேத்து வைங்க."

அதற்குள் கடை நிறைந்துவிட்டது. ஒவ்வொருவராக டோக்கனை நீட்டினார்கள். ரேடியோ எண்ணைப் பார்த்துச் சட்டைகளை எடுத்துக்கொடுத்தான். அங்கேயே நின்று மாட்டிக்கொண்டார்கள். ஐம்பத்தெட்டு சட்டையும் போனது. ஐம்பத்தொன்பதாவதை மெக்கானிக் போட்டு, பொத்தான்களை நிதானமாகப் பூட்டி, காலரைச் சரிசெய்துகொண்டார். கம்பி காலியானதும் கடை பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது.

போகிறவர் ரோலர் முன்னால் குனிந்து, வாய்க்குள் பார்த்தார். கட்டுக்கம்பியை முறுக்கி அவிழ்த்தார். தடுப்புக் கம்பியை ஆணி, ஸ்பிரிங்கோடு கழற்றித் தோளில் சாய்த்துக்கொண்டார்.

"இந்த ஸ்பிரிங் எங்கயும் கிடைக்காது அண்ணி. டிப்போவுல பண்ணித் தர்றேன். வேற ஆளைக் கூப்பிட்டுடாதீங்க. மெஷினைக் கெடுத்துடுவாங்க."

வாசலில் திரும்பினார். ஆறுதல் சொல்கிற குரலில்தான் சொன்னார்.

"ஏழு வந்துருச்சு. மீதி இருபத்திநாலு."

*

பத்து நாள் ஆகிவிட்டது. தடுப்புக் கம்பி திரும்பி வரவில்லை. கேட்டனுப்பினால், ஆகுது அண்ணி என்று பதில் வருகிறது. வேறு மெக்கானிக் ஒருவனை ரேடியோ கூட்டி வந்தான். தெருமுனை வரைக்கும் வந்தவனிடம் சாம்பல் சட்டைக்காரர்கள் நாலு பேர் என்னவோ மரியாதையாகச் சொன்னார்கள். அவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். போலீஸுக்குப் போகலாம்தான். போய் என்ன சொல்வது? எதிரில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றா?

இரண்டு நாள் ரோலரை ஓட்டாமல் கையாலேயே தேய்த்துப் பார்த்தாள். இருநூறு விரிப்பு இஸ்திரிப் பெட்டிக்கு அடங்குமா? மூன்றாம் நாள் தோளைத் தூக்க முடியவில்லை. ஒருநாள் ரேடியோ விரிப்பைக் கொடுத்தான். அன்று முழுக்க பத்து நிமிஷத்துக்கு ஒருத்தராக வந்து, அண்ணிக்கு உடம்பு சரியில்லையா என்று அக்கறையாக விசாரித்துவிட்டுப் போனார்கள். அவர்கள் கண் அவள் முகத்தைத் தேடவில்லை. கட்டுப்போட்ட விரல்களைத் தேடின.

இன்று காலை அவளே நின்றாள். அந்தப் பக்கம் ரேடியோ மடிக்கிறான். இடி மடிப்பதில்லை. பாய்லர் பக்கத்தில் அந்தப் பழைய மேடை ஸ்டூலைப் போட்டு, சிவப்பு சுவிட்ச் மேல் உள்ளங்கையை வைத்தபடி உட்கார்ந்திருக்கிறான். காலை எட்டிலிருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் இனி அவன் வேலை அதுதான். சுவரோடு ஒட்டிய கை, அவள் மணிக்கட்டை விட்டு நகராத கண். பாட்டு எங்கிருந்து வரும்?

எதிர்ப்பக்கம் இப்போது பதினைந்து பேர் இல்லை. நடைபாதை முழுக்கச் சாம்பல் நிறம். ஷிப்ட் மாறும்போது ஒரு கூட்டம் எழுந்து இன்னொரு கூட்டம் உட்காருகிறது. ஜன்னலை அடைக்கலாம். அடைத்தால் பாய்லர் சூட்டில் உள்ளே நிற்க முடியாது.

அவள் கூடையிலிருந்து ஒரு விரிப்பை எடுத்து உதறினாள். கிழிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். துணிக்கு அந்தப் பக்கம் தெரு நிழலாகத் தெரிந்தது. துணியை இறக்கியபோது தெருவில் சத்தம் நின்றிருந்தது. முனையில் ஒரு பஸ் இன்ஜினை அணைத்தது.

'தொப்' என்றது ரோலர்.

அவள் நுனியை இரண்டு கையாலும் பிடித்து, தடுப்பில்லாத வாய்க்குக் கொண்டுபோனாள். எதிரில் எல்லாக் கைகளும் மேலே போயின. சுவிட்ச் மேல் வைத்த உள்ளங்கையை இடி எடுக்கவில்லை. அவன் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

வெளியே ஒரு குரல், அவளுக்குத் தெரிந்த குரல், ரொம்ப மெதுவாகச் சொன்னது.

"எட்டு."